புத்தூரில் வந்த கிறிஸ்துமஸ் தட்டு

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஊர் திரும்பும் நம் சங்கத்து அன்பர்கள், ரேணிகுண்டாச் சந்திப்பைத் தாண்டியதும் படுக்கையைச் சுருட்டத் தொடங்குவது வழக்கம். அரக்கோணம் வரப்போகிறது, நாலா பக்கமும் தமிழ் கேட்கப்போகிறது என்னும் மகிழ்ச்சியில், இடையிலுள்ள சிறு நிலையங்களை ஒருவரும் நோக்குவதில்லை. ரேணிகுண்டாவை அடுத்து இரண்டு சிறு நிலையங்கள் கழிந்தபின் வருவது புத்தூர். அந்த நிலையத்தில் நான் எழுத்தராக உத்தியோகம் பார்த்து வருகிறேன்.

என் தந்தையாரும் ரயில்வேயில் பணிபுரிந்தவர். பணியிலிருக்கும்போதே அவர் காலமானதால், பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்கு அவ்வழியில் வேலை கிடைத்தது. 2014-ல் தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு புத்தூர் ரயில்வே குடியிருப்பில் குடிபுகுந்தேன். என் தமக்கையார் மணமாகி மும்பையில் வாழ்கிறார். இவ்விதழ் எனக்குக் கிடைப்பதும் அவர் மூலமாகத்தான்.

சென்ற டிசம்பரில் தமக்கையார் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் கட்டடத்தில் மங்களூர்க் கிறிஸ்தவர் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்திருக்கிறது. பிள்ளைகள் பாதியைத் தின்றும்விட்டார்கள். தட்டில் பதிலுக்கு என்ன வைத்து அனுப்புவது? அம்மாவிடம் இதைச் சொல்லலாமா, கூடாதா?" முதற்கேள்விக்கு உடனே விடை சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதானால் புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். அதைச் சொல்வதில் எனக்குச் சற்று வெட்கமும் உண்டு. ஆயினும் வெளியூர்களில் பல மதத்தாரோடும் பல மொழியாரோடும் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்து வாழும் அன்பர்களுக்கு அது பயன்படக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். புத்தூர் என்னும் பெயரில் தென்னாட்டில் ஊர்கள் பல. நான் சொல்லும் புத்தூர், திருப்பதிக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில், நகரி மலைகளின் பக்கத்தில் அமைந்தது. கடலில் வரும் மாலுமிகளுக்கு முற்காலத்தில் அடையாளமாக விளங்கிய 'நகரி மூக்கு' என்னும் சிகரம் இம்மலைகளைச் சேர்ந்ததே. அருகில் நாராயணவனத்தில் கலியாண வேங்கடேசர் கோயிலும், சிறிது தள்ளிக் கைலாசகோனை அருவியும் உள்ளன. 1911-ல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் குழுவின் தீர்ப்பை ஒட்டி, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிறது.

கோடுகள் இவ்வாறு மாறினாலும் மக்களின் பேச்சு மாறவில்லை. பயணச்சீட்டுச் சாளரத்தில் ஒருவர் "அரக்கோணம் ரெண்டு" என்பார். அடுத்தவர் "திருப்பதி மூடு" என்று மூன்று சீட்டுக் கேட்பார். இருவரும் ஒரே வீட்டினராகவும் இருக்கக்கூடும். இந்தப் பாதையிலேதான் எல்லையருகே வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்னும் நிலையம் இருக்கிறது. ஒரே சொல்லாக அமைந்த இந்திய ரயில் நிலையப் பெயர்களில் மிக நீண்டது அது என்பார்கள். அவசரத்தில் வரும் கிராமத்தார் அப்பெயரை முழுவதும் சொல்லிக் கேட்டதை நான் கண்டதில்லை. "பேட்டைக்கு ஒண்ணு" என்று முடித்துவிடுவார்கள். சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகச் சென்ற இருப்புப்பாதை 1871-ல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. நம்மவர் மும்பைக்குப் பிழைக்கப்போன வழிகளுள் இது முதன்மையானது.

புத்தூரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பியது எலும்பு முறிவுக்குப் போடும் கட்டுத்தான். புத்தூரை அடுத்த கிராமத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகின்றனர். முறிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து எலும்பை நேராக்கி, பச்சிலை மருந்தையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் இறுகக் கட்டுவார்கள். எங்கள் நடைமேடையில் வந்து இறங்குவோரிற் சிலர் தொங்கும் கையோடு வருவர். மாலை வண்டியில் திரும்பும்போது அக்கை கட்டோடு மார்பின்மேல் இருக்கும். அந்தக் கட்டுக்கும் நான் சொல்ல வந்த கதைக்கும் தொடர்புண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இப்பகுதியில் கிறிஸ்தவர் தொகை பெரிதன்று எனினும் அவர்கள் வரலாறு நீண்டது. சித்தூரில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆர்க்காடு மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பணியாற்றியது. அதன் வழிவந்த சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. திருப்பதிப் பக்கத்திலோ ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் ஊரைச் சேர்ந்த லூத்தரன் மிஷன் வந்தது. 1860-களில் சூளூர்ப்பேட்டையில் தொடங்கிய அப்பணி மேற்கே பரவியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் போதகர்கள் நாட்டைவிட்டு அகல நேர்ந்ததால், அமெரிக்காவின் ஒஹையோ லூத்தரன் சபையார் அதனை ஏற்றுக்கொண்டனர். 1945-ல் அது தென் ஆந்திர லூத்தரன் திருச்சபை என்று சுதேசச் சபையாயிற்று. இச்சபைகளில் சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே சேரிகளில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மக்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமும் முதன்முதலில் அவர்கள் வாசலுக்கு வந்தது மிஷன் வழியாகத்தான்.

டிசம்பர் பிறந்தால் அவ்வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகு சேர்த்து அரிசெலு தட்டுவார்கள். நாம் அதிரசம் என்பது அதுவே. சித்தூர் வெல்லம் பெயர்பெற்றதாதலால் பாகின் நிறம் பார்க்க அழகாயிருக்கும். பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் சர்க்கரையும் உள்ளே வைத்து மடித்துப் பொரிப்பது கஜ்ஜிகாய். அது நம் சோமாசி. மும்பையில் கோவாக்காரர் வீட்டுத் தட்டில் நெவ்ரி என்ற பெயரில் அன்பர்கள் இதையே உண்டிருப்பீர்கள். கோடிட்ட சிறு பலகையில் மாவை அழுத்திச் சோழிபோலச் சுருட்டுவது தெலுங்கில் கவ்வலு. தமிழ்க் கிறிஸ்தவர் கலகலா என்பர், கோவாவிலும் மங்களூரிலும் குல்குல். பலகை இல்லாதவர்கள் முள்கரண்டியின் முதுகில் அழுத்துவார்கள். அச்சில் மாவைத் தோய்த்துப் பூப்போலப் பொரிப்பது நமக்கு அச்சு முறுக்கு, மலையாளத்தில் அச்சப்பம், தெலுங்கில் குலாபி புவ்வுலு. ஸ்வீடன், நார்வே நாடுகளிலும் இதே போன்ற இரும்பு அச்சைக் காய்ச்சி இதே போலப் பொரிக்கிறார்கள் என்றால் வியப்பாயில்லையா?

கேக்கு வந்தது இவற்றிற்குப் பின்னர். 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்னும் ரொட்டிக்கடைக்காரர், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கொண்டுவந்த கேக்கைப் பார்த்து நம் நாட்டுப் பொருள்களைக் கொண்டு ஒன்று செய்துகொடுத்தார் என்பது மலையாள நாட்டில் வழங்கும் செய்தி. இலங்கையிலோ ரவையும் முந்திரியும் பூசணிக்காய்ப் பாகும் சேர்த்த கேக்கைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பார்கள். பண்டம் எதுவாயினும் முறை ஒன்றே. தன் வீட்டில் பண்டிகையானால் அயல்வீட்டுக்குத் தட்டுப் போகவேண்டும். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்தனுப்புவது நம் தாய்மார்களின் வழக்கம்.

நிற்க. எங்கள் எதிர்வீட்டில் இருந்தது ஒரு லூத்தரன் குடும்பம். கணவர் இருப்புப்பாதைப் பராமரிப்பில் வேலை செய்பவர். மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான் அவரை அக்கா என்று அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்றும், என் தாயாரைப் பெத்தம்மா என்றும் அழைப்பார். 2014 கிறிஸ்துமஸ் அன்று, தேவாலயத்திலிருந்து திரும்பியதும் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கொண்டுவந்தார். மேலே மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தால் உள்ளே ஒரு படி பச்சரிசி, பாசிப்பருப்பு, ஒரு உருண்டை வெல்லம், தேங்காய் இரண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், காகிதத்தில் மடித்த ஏலக்காய். "பொங்கல் வைத்துச் சாப்பிடுங்கள், பெத்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற வீடுகளுக்கு அரிசெலுவும் கேக்கும் பிரியாணியும் போவதை நான் சாளரம் வழியாகக் கண்டேன்.

எங்களுடையது சைவ உணவு வீடு. முட்டையும் உள்ளே வராது. ஆகையால் சமைக்காத பொருளாகக் கொடுத்தார் என்று எண்ணி அவர் பண்பை மெச்சிக்கொண்டேன். ஆனால் அரிசெலுவில் முட்டை ஏது? கஜ்ஜிகாயில் மாமிசம் ஏது? அதை ஏன் கொடுக்கவில்லை என்பது எனக்கு அன்றே விளங்கியிருக்கவேண்டும். வந்த முதல் மாதமே என் தாயார் அயலாரிடம் விசாரித்து, எதிர்வீட்டார் மதம் மாறுவதற்கு முன் இன்ன சாதி என்று அறிந்துகொண்டிருந்தார். அவர் விசாரித்ததை எதிர்வீட்டாரும் அறிந்துகொண்டிருந்தனர். எந்த வீட்டார் தம் கையால் சமைத்ததை உண்பார்கள், எந்த வீட்டார் உண்ணமாட்டார்கள் என்பதைச் சொல்லாமலே தெரிந்துகொள்ளும் பழக்கம் அவர்களுக்குத் தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டது. அத்தெளிவோடு எடுத்துவைத்த தாம்பாளம் அது.

தாயார் அதிலும் ஒரு பிரிவு செய்தார். தேங்காய்க்கு ஓடு உண்டு, பழத்துக்குத் தோல் உண்டு. அவற்றை எடுத்துக்கொண்டார். அரிசியும் பருப்பும் வெல்லமும் வாசல் பெருக்க வரும் அம்மாளுக்குப் போயின. 2014, 2015, 2016, 2017 என நான்கு கிறிஸ்துமஸ்களிலும் இப்படியே நடந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் சமைத்தவை எதிர்வீட்டுக்குத் தவறாமல் போயின. அவர்கள் உண்டார்கள். அதிரசம் நன்றாயிருந்தது என்று தட்டைத் திருப்பும்போது சொல்லியும் போனார்கள். கொடுப்பதில் எங்களுக்குத் தடையேயில்லை, வாங்கி உண்பதில்தான் தடை. நான் இதைக் கண்டும் வாய்திறக்கவில்லை. மனைவி ஒருமுறை "இது நன்றாகவா இருக்கிறது?" என்று கேட்டபோதும், "வயதானவர், விட்டுவிடு" என்று சொன்னவன் நான்.

2018 டிசம்பரில் மனைவி பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றிருந்தாள். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் விடியலில், கோலமிடுவதற்காகத் தெளித்த தண்ணீரில் தாயார் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் எதிர்வீட்டு அக்கா. அவர் கணவர் தம் வண்டியில் தாயாரை ஏற்றிச் சென்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபின், தாயார் விரும்பியபடி புத்தூர்க் கட்டுப் போட்டோம். வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசும்போது தாயார் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். முட்டை வராத வீட்டுக்கு முட்டை கையேறி வந்து சேர்ந்தது. மருந்துக்குத் தோஷமில்லை என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் சமையல் என் பொறுப்பாயிற்று. தாயார் முற்றத்து நாற்காலியில் அமர்ந்து கட்டளையிடுவார். நான் அடுப்படியில் தவறு செய்வேன். சோறு ஒருநாள் குழையும், ஒருநாள் விதையாக நிற்கும். இரவுப்பணி இருந்த நாள்களில் தாயார் பாலும் பழமும் உண்டு படுத்துவிடுவார். ஒரு வாரத்தில் அவர் முகம் வாடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா நாள்தோறும் வந்து விசாரிப்பார். தண்ணீர் பிடித்து வைப்பார், துணி உலர்த்துவார். ஆனால் சமையலறை வாசலைத் தாண்டமாட்டார். அவர் அங்கே நிற்பதைத் தாயாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

டிசம்பர் 25 வந்தது. நான் இரவுப்பணி முடிந்து வந்து கண்ணயர்ந்திருந்தேன். வாசலில் அக்காவின் குரல். புதுச்சேலை, கையில் அதே தாம்பாளம், அதே வெள்ளைத் துணி. வழக்கம்போல அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், பழம். "பொங்கல் வைத்துச் சாப்பிடுங்கள், பெத்தம்மா" என்றார்.

தாயார் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு தம் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எப்படியம்மா பொங்கல் வைப்பேன்?" என்று கேட்டார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. பழக்கத்தினால் எடுத்துவந்துவிட்டதை அவர் அப்போதுதான் உணர்ந்தார்போலும். "தவறாக நினைக்காதீர்கள். நான் சமைத்தால் நீங்கள்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அவரே மெல்ல, "உங்கள் அடுப்பிலேயே, உங்கள் பாத்திரத்திலேயே செய்து தரட்டுமா?" என்றார்.

எங்கள் பாட்டி காலத்தில் சமையலறைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது பெரிய சட்டம். தாயார் அச்சட்டத்தில் வளர்ந்தவர். அவர் விடை சொல்லாமல் எழுந்தார். மறுக்கத்தான் போகிறார் என்று நான் தலைகுனிந்தேன். அவரோ சமையலறைக் கதவை இடக்கையால் அகலத் திறந்து, "வெண்கலப் பானை மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே வா" என்றார்.

அக்கா தலைப்பைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். நான் தேங்காய் துருவினேன். பருப்பை வறுக்கும் மணம் வீடெங்கும் பரவியது. நடுவே தாயாருக்கு நினைவு வந்து, "இன்று உன் வீட்டில் விருந்தாளிகள் காத்திருப்பார்களே!" என்றார். "பிரியாணி தம்மில் இருக்கிறது, பெத்தம்மா. ஆறாது" என்று அக்கா சிரித்தார். பொங்கல் இறங்கியதும் இலையில் வைத்தார். தாயார் இடக்கையில் கரண்டியைப் பிடித்து உண்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று தாயாரின் மனம் மாறியதா, பசி மட்டும்தான் வென்றதா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லையென்றே எண்ணுகிறேன். நான்கு ஆண்டுகள் என் பசிக்கும் என் வசதிக்கும் குறைவு வராததால்தானே நான் சும்மாயிருந்தேன்?

அதன்பின் மனைவி கைக்குழந்தையோடு திரும்பும்வரை எங்கள் அடுப்பு அக்காவின் கையில் இருந்தது. பள்ளிக்குச் செல்லுமுன் வந்து சாதமும் குழம்பும் வைத்துவிட்டுப் போவார். உப்பு எந்த ஜாடியில், புளி எந்த ஜாடியில் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறு ஆண்டு, 2019 கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சமைத்த தட்டு வந்தது. அரிசெலு, கஜ்ஜிகாய், அச்சு முறுக்கு. அச்சு முறுக்கின் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். ஆகவே தாயார் அதை மட்டும் ஒதுக்கினார். அக்கா, "இது முட்டையில்லாத மாவு, பெத்தம்மா. புது எண்ணெயில் உங்களுக்கு முதலில் பொரித்துவிட்டு, அதன்பிறகுதான் எங்கள் மாவில் அச்சைத் தோய்த்தேன்" என்றார். தாயார் ஒன்றை உடைத்து வாயிலிட்டார். உடனே செய்முறை விசாரணை தொடங்கிற்று.

வாசக சகோதரிகளுக்காக அதையும் இங்கே குறிக்கிறேன். பச்சரிசியை ஊறவைத்து நைய அரைத்து, அரிசியில் கால்பங்கு மைதாமாவும், தேங்காய்ப்பாலும், சர்க்கரையும், உப்பு ஒரு சிட்டிகையும், எள் சிறிதும் சேர்த்துத் தோசைமாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்துக்கொள்ளவேண்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்கு காயவேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. காய்ந்த அச்சை மாவில் முக்காற்பங்கு மட்டுமே தோய்க்கவேண்டும். முழுவதும் அமிழ்த்திவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சை விட்டுப் பிரியாது. எண்ணெயில் சிறிது நேரம் பிடித்து, லேசாக உதறினால் பூ தானே கழன்று விழும். புது அச்சானால் சில நாள் அரிசி கழுநீரில் ஊறப்போட்டு, பிறகு எண்ணெய் தடவிப் பழக்கவேண்டும். பழகிய அச்சுத்தான் சொன்னபடி கேட்கும்.

2021-ல் எதிர்வீட்டாருக்கு மாற்றல் ஆணை வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றைத் தாயார் கையில் கொடுத்தார். அந்த அச்சு! நீண்ட காம்பு, ஆறு இதழ், கறுத்து மெருகேறிய இரும்பு. அவர் தாயார் அவருக்குக் கொடுத்தது அது. "நான் புதிது வாங்கிப் பழக்கிக்கொள்வேன். உங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கத் தெரியாதே" என்றார். தாயார் அதைப் பெற்றுக்கொண்டு சமையலறைக்குப் போனார். முறிந்து கூடிய அந்தக் கையாலேயே, என் பாட்டியின் வெண்கல உருளி ஒன்றைத் தூக்கிவந்து, அரிசி நிரப்பிக் கொடுத்தார். வெறுங்கையோடு அனுப்பக்கூடாதல்லவா?

இப்பொழுது டிசம்பர் தோறும் எங்கள் வீட்டில் அச்சு முறுக்கு உண்டு. சென்ற ஆண்டு தாயார் ஒரு தட்டு நிறைய வைத்து, எதிர்வீட்டுக்கு வந்திருக்கும் புதுக்குடித்தனத்தாருக்குக் கொண்டுபோனார். அவ்வீட்டு இளைஞர் ஐயப்பனுக்கு மாலையிட்டிருந்தார். "வெளியில் சமைத்தது ஆகாது, பெத்தம்மா" என்று அவர் மனைவி பணிவோடு சொன்னாள். தாயார் திரும்பிவந்து முறுக்கை எடுத்துவிட்டு, அதே தட்டில் அரிசி, வெல்லம், தேங்காய், பழம் என்று ஒவ்வொன்றாக வைத்தார். பாதியில் கை நின்றது. "அவளும் இப்படித்தானே நாலு வருஷம் எடுத்து வைத்திருப்பாள்" என்றார். பின்னர்த் தட்டைக் கொடுத்துவிட்டு வந்து, முறுக்கில் பத்தை டப்பாவில் மூடிவைத்தார், மாலை இறங்கியதும் கொடுப்பதற்காக. விரதத்துக்கு முடியும் நாள் உண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் அனுசரித்த விலக்குக்கு அப்படி ஒரு நாளை யாரும் குறித்திருக்கவில்லை.

ஆகவே என் தமக்கையாருக்கும், அவரைப்போல வெளியூர்களில் வாழும் சகோதரிகளுக்கும் என் விடை இது. வந்த தட்டை உண்ணுங்கள். முட்டையோ மாமிசமோ ஆகாதென்றால், ஆகாது என்று மலர்ந்த முகத்தோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை அறிந்து சமைக்க அவர்களுக்குத் தெரியும். உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலிலேயே நிற்காமல் உள்ளே சென்று அமர்ந்து, அவர்கள் தருவதையும் வாங்கி உண்டு வாருங்கள். அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம். அச்சு முறுக்கு வந்திருந்தால், அதன் ஓரம் சரியாகச் சிவந்திருந்ததா என்றுதான் அவர் கேட்பார்.